கில்டோராவின் தங்கத் தொண்டையும் வெள்ளிக்கிழமைப் பஸ்ஸும்

ஒரு நாகரிகம் எவ்வளவு உயர்ந்தது என்று அளக்க, பலர் பல அளவுகோல்களைச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் பாலங்களைப் பார் என்றார்கள். சிலர் நூலகங்களைப் பார் என்றார்கள். நான் சொல்கிறேன்: தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஜெயித்த ஒருத்தியை, ஜெயித்து ஏழு வருஷம் கழித்து, அவள் பிறந்த ஊர் எப்படி வைத்திருக்கிறது என்று பார். அப்படி அளந்தால் அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருக்கும் எங்கள் கில்டோராவுக்கு நிகரான ஊர் உலகத்திலேயே கிடையாது. இதை நான் வெறும் பெருமைக்குச் சொல்லவில்லை. கில்டோரா 'வெற்றியாளர் வரவேற்பு மற்றும் பராமரிப்புக் குழு'வின் நிரந்தரத் தலைவர் என்ற முறையில், முழுப் பொறுப்போடு சொல்கிறேன்.

என் பெயர் ஃபின்டன் ஹெவரின். நிலம், வீடு ஏலம் விடுவது தொழில். ஆகவே ஒரு பொருளின் குறைகளைக் கண்டுகொள்ளாமல் அதன் சிறப்புகளை மட்டும் எடுத்துச் சொல்வதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

டெர்வ்லா மொய்லட்டுக்கு அப்போது பத்தொன்பது வயது. கூட்டுறவுக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். 'தங்கத் தொண்டை' போட்டியின் இறுதிச் சுற்றுக்கு அவள் வந்த ஞாயிற்றுக்கிழமையை இந்த ஊர் மறக்காது. ஃபாதர் மலக்கி பிரசங்கத்தையே நிறுத்திவிட்டு மாலைப் பூசையை முடித்தார். கறக்க ஆளில்லாமல் மாடுகள் கத்தின. நான் என் ஃபோனில் ஓட்டுப் போட்டேன், மனைவியின் ஃபோனில் போட்டேன், அலுவலக ஃபோனில் போட்டேன், வீடு வாங்க வந்திருந்த ஒரு ஜெர்மன்காரரின் ஃபோனையும் வாங்கிப் போட்டேன். அவள் அன்று என்ன பாடினாள், எப்படிப் பாடினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் பாடும்போது நாங்கள் எல்லோரும் மும்முரமாக ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் குழுவின் பொருளாளர் நோரீன் கில்வாரி. கடைத்தெருவில் அழகு நிலையம் நடத்துகிறாள். அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதும் அவளுக்கு மூச்சு வாங்கும்.

"எதிர்த்து நின்ன பையன்தான் நல்லாப் பாடறான்னு என் மக சொன்னா, ஃபின்டன். எந்த ஊர்க்காரன்டின்னு கேட்டேன். பக்கத்து மாவட்டமாம். சட்டுனு போனைப் புடுங்கி வச்சுக்கிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணே," என்பேன் நான்.

ஜெயித்து வந்த டெர்வ்லாவுக்கு ஊர் எல்லையிலேயே வரவேற்பு. வழி நெடுக நெருப்பு மூட்டினோம். டிராக்டர் இழுக்கும் டிரெய்லரை மேடையாக்கினோம். பைப் வாத்தியம் வந்தது, மழையும் வந்தது. கவுன்சிலர்கள் பேசினார்கள், ஃபாதர் பேசினார், கால்பந்துச் சங்கத் தலைவர் பேசினார், நான் இருமுறை பேசினேன். அதற்குள் இருட்டி, ஒலிபெருக்கிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதால் டெர்வ்லாவுக்குப் பாட நேரமில்லை. அதனாலென்ன, மாலை போட்டோமே! ஊர் எல்லையில் 'தங்கத் தொண்டை டெர்வ்லா மொய்லட் பிறந்த ஊர்' என்று பெரிய பலகை ஒன்றும் நட்டோம். வரவேற்பு முடிந்ததும் குழுவைக் கலைப்பதுதான் முறை. நாங்கள் கலைக்கவில்லை. ஒரு கலைஞரை அப்படியெல்லாம் அம்போவென்று விட்டுவிட முடியுமா?

வெற்றிக்குப் பிறகுதான் ஒருவரின் உண்மையான 'கலைப் பயணம்' தொடங்குகிறது. டெர்வ்லாவின் பயணம் கால்வே பக்கம் ஒரு கம்பளக் கடைத் திறப்பு விழாவில் தொடங்கியது. அடுத்து டிராக்டர் கடை. அடுத்து, கார் கழுவும் இயந்திரம் ஒன்றை அவள் பாடித் திறந்து வைத்தாள். இயந்திரம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இயங்கிவிட்டதால் பாட்டின் பிற்பகுதி நுரைக்குள் நடந்தது. கால்பந்து இறுதிப் போட்டியில் தேசிய கீதம் பாடினாள். கடைசி இரண்டு வரி வருவதற்குள் கூட்டம் கூச்சல் போட்டுவிடுவது நம் நாட்டு வழக்கம். ஆகவே கீதத்தின் முடிவை அவள் பாடி இன்றுவரை யாரும் கேட்டதில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாட்டின் முன்பாதியாக நடித்தாள். முன்பாதி என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்பாதியாக நடித்தவர் அதற்கு முந்தைய வருஷத்துத் தங்கத் தொண்டை.

போன இடமெல்லாம் ஒரே பாட்டுத்தான். ஜெயித்த அன்று போட்டிக்காரர்கள் அவள் கையில் கொடுத்த 'மலையே, நகர்!' அதில் மலை வரும், புயல் வரும், கனவு வரும், கடைசியில் குரல் ஒரு படி மேலே ஏறி நிற்கும். மாட்டு வேஷத்திலும் அவள் அதையே பாடினாள்.

ரிக்கார்டு கம்பெனி ஒரே ஒரு சிடி போட்டது. பிறகு, 'இனி உங்கள் கலை சுதந்திரமாக வளரட்டும்' என்று வாழ்த்தி அவளை விடுவித்தது. விற்காத சிடிகள் பெட்டி பெட்டியாகக் கில்டோராவுக்கு வந்து இறங்கின. எங்கள் குழு அவற்றை வீட்டுக்கு ஒன்றாக இலவசமாக வினியோகித்தது. மக்கள் அதற்குக் கொடுத்த வரவேற்பை நான் என்னவென்று சொல்வேன்! அந்தக் கோடையில் கில்டோராவின் ஒவ்வொரு தோட்டத்திலும் டெர்வ்லாவின் சிடி கயிற்றில் தொங்கியது. காற்றில் சுற்றும், வெயிலடித்த இரண்டு நாளும் பளபளவென்று மின்னும். ஸ்ட்ராபெரிப் பாத்திகளை ஒரு குருவி அண்டவில்லை. கலை மக்களின் அன்றாட வாழ்க்கையோடு கலக்கவேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அவர்கள் இங்கே வந்து பார்க்கட்டும்.

எல்லாம் இப்படிச் சீரும் சிறப்புமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த விண்ணப்பம் வந்தது.

மலைப்பக்கத்து வீடுகளிலிருந்து எங்கள் ஊர் வழியாக ரயில் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் வெள்ளிக்கிழமைப் பஸ் ஒன்று உண்டு. அதை ஓட்டி வந்த பேக்கி லவெல்லுக்குக் கண் மங்கி, டாக்டர் அவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டார். ஈஸ்டருக்குள் டிரைவர் கிடைக்காவிட்டால் பஸ்ஸையே நிறுத்திவிடுவோம் என்று தலைநகர் டப்ளினிலிருந்து சொல்லிவிட்டார்கள். விளம்பரம் கொடுத்தோம். வந்தது ஒரே விண்ணப்பம், டெர்வ்லா மொய்லட்டுடையது. பஸ் ஓட்டும் உரிமமும் வைத்திருந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். பஸ்ஸைக் கவனிப்பது 'கிராமப் போக்குவரத்துக் குழு'. அதற்கும் தலைவன் நான்தான். பொருளாளர் நோரீன், காப்பாளர் ஃபாதர் மலக்கி. எங்கள் ஊரில் எந்தக் குழுவாக இருந்தாலும் நாங்கள்தான் இருப்போம், அதே மன்றத்தில், அதே பிஸ்கட்டோடு. மற்றவர்கள் வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள்.

"இதென்ன கூத்து, ஃபின்டன்!" என்று நோரீன் கொதித்தாள். "நம்ம பொண்ணு பஸ் ஓட்டுறதா? எல்லைல அவ பேரை அவ்வளவு பெருசா எழுதி வச்சிருக்கோம். அந்தப் போர்டைத் தாண்டி அவளே ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்கிட்டு வந்தா, பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

"பஸ் வந்துருச்சுன்னு நெனைப்பான்," என்றார் ஃபாதர் மலக்கி.

ஊரின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். எதையும் முறைப்படி செய்வது என் வழக்கம். பராமரிப்புக் குழுவின் சார்பில் எழுந்து நின்று, போக்குவரத்துக் குழுவுக்கு ஓர் ஆட்சேபணையை வாசித்தேன். பிறகு மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து அதைப் பெற்றுக்கொண்டேன். மற்ற இருவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

"யாருப்பா குடுத்தது?" என்றார் ஃபாதர்.

"நாமதான், ஃபாதர்."

"என்ன சொல்றாங்க?"

"வெற்றியாளரை டிரைவர் ஆக்கக் கூடாதுங்கறாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா நமக்கு வேற டிரைவர் இல்லையே."

"அதை அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

மறுபடி சுற்றிப் போய்ச் சொன்னேன். பராமரிப்புக் குழு மிகுந்த வேதனை அடைந்தது. போக்குவரத்துக் குழுவுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி என்றாள் நோரீன். 'அங்கே யாரும்மா பொருளாளர்?' என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. டீ குடித்த பிறகு இரு தரப்புக்கும் சமரசம் ஏற்பட்டது. வேலை கொடுக்கலாம், ஆனால் கௌரவத்தோடு கொடுக்க வேண்டும். பதவியின் பெயர் 'நடமாடும் கலைத் தூதர்'. பஸ்ஸின் பக்கவாட்டில் அவளுடைய பத்தொன்பது வயதுப் படத்தை முழு நீளத்துக்குப் போட வேண்டும். ஒவ்வொரு முறை ஊர்ப் பலகையைத் தாண்டும்போதும் அவள் 'மலையே, நகர்!' பாட வேண்டும்.

வெளியே காத்திருந்த டெர்வ்லாவைக் கூப்பிட்டோம். நனைந்த மேல்கோட்டோடு வந்து உட்கார்ந்தாள். தீர்மானத்தை நான் ஏலத்தில் பேசும் குரலில் வாசித்து முடித்தேன். அவள் டீக்கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"போட்டோ வேண்டாம், ஃபின்டன். அதுல இருக்கற பொண்ணை எனக்கே அடையாளம் தெரியல. தூதரும் வேண்டாம், டிரைவர்னு போட்டாப் போதும்."

"பாட்டு?" என்றாள் நோரீன்.

"மனசு விட்டுச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஏழு வருஷமா அந்த ஒரே பாட்டு. கம்பளக் கடைல, நுரைக்குள்ள, மாட்டுத் தலைக்குள்ள. இப்ப யாராவது மலைன்னாலே எழுந்து ஓடிடறேன். ஆனா வண்டி ஓட்டறது நெஜமாவே பிடிச்சிருக்கு. நாடகக் கம்பெனி பஸ்ஸை நாடு பூரா ஓட்டினவ நான்தான். மாட்டோட ரெண்டு பாதியும் அதுலதான் வரும். இந்த வேலை கெடைச்சா அம்மாவுக்குப் பக்கத்துலயே இருந்துடுவேன். கெடைக்கலேன்னா பெர்த்துல இருக்கற தம்பிகிட்டப் போயிடுவேன்."

"ஆஸ்திரேலியாவுக்கா!" நோரீன் நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப போர்டு?"

"போர்டு இங்கயே இருக்கட்டும், நோரீன். அதுக்கு விசா கெடைக்காது."

ஃபாதர் இருமுவதுபோல் சிரித்தார். நான் தலைவர் என்பதால் சிரிக்கவில்லை. பாட்டு விஷயத்தில் மட்டும் குழுவால் விட்டுக்கொடுக்க இயலாது, ஊர் எதிர்பார்க்கிறது என்று எடுத்துச் சொன்னேன்.

"சரி, பாடறேன்," என்றாள் அவள். "ஒரே ஒரு நிபந்தனை. என் சிடியை முழுசாக் கேட்டவங்க கேட்டாப் பாடறேன். நாலாவது பாட்டு எதைப் பத்தினதுன்னு சொல்லட்டும். அந்த ஒண்ணுதான் நானே எழுதினது. சொல்லிட்டா, வண்டிய ஓரங்கட்டிட்டு, எது கேட்டாலும் முழுசாப் பாடறேன்."

"இவ்வளவுதானா! வீட்டுக்கு ஒண்ணு குடுத்திருக்கோம். இந்த ஊர்ல கேக்காதவங்க யாரு?" என்று நான் சிரித்தேன்.

"அப்ப சொல்லுங்க. நாலாவது எதைப் பத்தி?"

ஃபாதர் மலக்கி கூரையைக் கவனிக்கத் தொடங்கினார். "அங்க ஒழுகுற மாதிரி இருக்கே," என்றார்.

"காதலைப் பத்தி," என்றாள் நோரீன்.

"இல்ல."

"அம்மாவைப் பத்தி?"

"இல்ல."

"மலையைப் பத்தியா?"

"மலை மொதப் பாட்டு, நோரீன்."

"விடாமுயற்சியின் மகத்துவத்தைப் பற்றியது," என்றேன் நான் கம்பீரமாக. கம்பீரமாகச் சொன்னால் பல விஷயங்கள் உண்மையாகிவிடும் என்பது என் தொழில் அனுபவம். இந்த முறை ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மன்றத்துத் தோட்டத்தில், அவளுடைய சிடி ஒன்று கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் வாடியது, பிறகு அவளே சிரித்துவிட்டாள். நிபந்தனையைக் குழு 'கொள்கையளவில்' ஏற்றுக்கொண்டது.

அன்று முதல் அயர்லாந்திலேயே அமைதியான பஸ் எங்களுடையது. ஓட்டமும் குறை சொல்ல முடியாது. வண்டி நேரத்துக்கு வரும். யாராவது கண்ணாடியை மறந்து வீட்டுக்குத் திரும்பினால் காத்திருக்கும். முதல் வெள்ளிக்கிழமையே, கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் டிலியா ருவேன் அம்மாள் முன் இருக்கையில் உட்கார்ந்து ஆரம்பித்தாராம்.

"ஏம்மா டெர்வ்லா, சும்மா ஒரு பாட்டு எடுத்து விடேன்."

"நாலாவது பாட்டு எதைப் பத்தி, டிலியா?"

டிலியா ஜன்னல் பக்கம் திரும்பி, "மழை வரும் போல இருக்கு," என்றார். மழை காலையிலிருந்தே பெய்துகொண்டிருந்தது.

ஊர் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. நாய் என்றார்கள், கடல் என்றார்கள், வங்கிக் கடன் என்றார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் படியில் கால் வைக்கும்போதே ஓர் ஊகம் சொல்லுவார்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவள் கதவை மூடுவாள். சிடியை எடுத்துப் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்தான். ஆனால் அது ஸ்ட்ராபெரிக் காலம். நான் மட்டும் என் தோட்டத்துச் சிடியை ஒருநாள் அவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷ மழையில் கிடந்தது, கரகரவென்றது. திரும்பக் கட்டிவிட்டேன்.

இதற்கிடையில் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு சங்கடம். பராமரிக்க ஆளில்லை. டெர்வ்லா பஸ்ஸும் அவளுமாக இருந்துவிட்டாள். எவ்வளவு அனுபவம் வாய்ந்த குழு, சும்மா உட்கார்ந்திருக்கலாமா? ஆகவே தேடினோம். டயர் கடையில் வேலை பார்க்கும் ரூரி கெரட்டி, சக்கரம் மாட்டிக்கொண்டே பாடுவதை நோரீன் காரிலிருந்து கேட்டாள். தங்கத் தொண்டையின் முதல் சுற்றுக்கு அவன் பெயரைக் கொடுத்தோம், தேர்வாகிவிட்டான். கடந்த கால அனுபவத்திலிருந்து பாடம் கற்பதுதான் நல்ல நிர்வாகம். ஊர் எல்லைக்குப் புதுப் பலகை செய்யச் சொன்னபோது, பெயர் எழுதும் இடத்தை மட்டும் கழற்றி மாட்டும்படி திருகாணி வைக்கச் சொல்லிவிட்டேன்.

அவனை டப்ளின் ரயிலுக்கு வழியனுப்ப, குழு முழுவதும் வெள்ளிக்கிழமைப் பஸ்ஸில் ஏறினோம். முன் இருக்கையில் வழக்கம்போல் டிலியா அம்மாள். பலகையைத் தாண்டியதும் நோரீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தம்பி, அங்க பாடப் போறதை எங்களுக்கும் ஒருக்காப் பாடிக் காட்டேன். அவங்களுக்கு மட்டும்தான் காதிருக்கா?"

ரூரி கூச்சப்பட்டான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினான். குறுக்குச் சாலையில், சுவரோரமாக, மழையில் யாரோ காத்திருக்கிறார்கள். பஸ் வரவில்லை. வருமா என்று தெரியவில்லை. சதுப்பு நிலத்து வளைவில் இரண்டு விளக்குகள் தெரிகின்றன. எங்கே போகணும் என்று டிரைவர் கேட்பதில்லை, அவருக்கே தெரியும். அவ்வளவுதான் பாட்டு. மலை இல்லை, புயல் இல்லை, கடைசியில் குரல் மேலே ஏறவும் இல்லை. ஜெயிக்க இது போதாதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பஸ் வேகம் குறைந்து, நிறுத்தமே இல்லாத ஓரிடத்தில் ஓரமாக நின்றது.

டெர்வ்லா திரும்பினாள். "இதை எங்க புடிச்சே?"

"உங்க சிடிலதான்க்கா. எங்க கடைல பழைய பாட்டுப் பெட்டி ஒண்ணு இருக்கு. வேற எதைப் போட்டாலும் ஓடாது, இது மட்டும் ஓடும். தெனமும் கேப்போம். நாலாவது பாட்டு."

டிலியா அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பஸ்ஸைப் பத்தியா? அடக் கடவுளே! இத்தனை நாளா இதுக்குள்ளயே உக்காந்துக்கிட்டா ஊகம் சொல்லிக்கிட்டு இருந்தோம்!"

டெர்வ்லா எஞ்சினை அணைத்தாள். சொன்ன வாக்கை மறக்கவில்லை. "கேளு ரூரி. எது வேணும்? மலையா?"

"ஐயோ, வேணாங்க்கா. இதையே பாடுங்க."

பாடினாள். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டுப் போட வழியில்லாததால் கேட்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இல்லை. டிலியா அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஃபின்டன், இவ நல்லாப் பாடறாளே!" என்று ரகசியமாகச் சொன்னாள், ஏதோ எங்கள் இருவருக்கு மட்டும் தெரியவந்த செய்தி போல. நான் தலைவர் என்பதால் ரயிலுக்கு நேரமாகிறது என்று நினைவூட்டினேன்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு டெர்வ்லா கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, பஸ் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"கத்துக்க."

ரூரியின் முகம் சுண்டிவிட்டது. "ஏன்க்கா, நான் நல்லாப் பாடலையா?"

"ரொம்ப நல்லாப் பாடறே. கண்டிப்பா ஜெயிச்சுடுவே. அதான் சொல்றேன்."

இதைக் கேட்டு என் மனம் நிறைந்துவிட்டது. டெர்வ்லாவுக்குப் பிறகு இந்த வண்டியை யார் ஓட்டுவார்கள் என்று போக்குவரத்துக் குழுவின் தலைவனாக எனக்கு உள்ளூர ஒரு கவலை இருந்து வந்தது. இனி அந்தக் கவலை இல்லை. எங்கள் பராமரிப்புக் குழு இதே போல் வெற்றியாளர்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும்வரை, கில்டோராவில் பஸ் நிற்காது.